பொய்க்கு ஒரு பட்டை

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டிப் பட்டறை வைத்திருக்கும் அப்துல் சுபான், யார் சொன்னதையும் சொன்னபடியே எடுத்துக்கொண்டதில்லை. அதைக் குணம் என்று சொல்ல முடியாது. தொழில் அப்படி.

லாரிக்குப் பட்டை கட்டுவது அவர் வேலை. லாரியின் அடியில் குனிந்து பார்த்திருந்தால் தெரியும், பின்சக்கர அச்சுக்கும் வண்டிக்கும் நடுவில் வில்லாக வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். சுமை ஏறினால் வில் தாழும், இறக்கினால் நிமிரும். எத்தனை பட்டை, எவ்வளவு வளைவு என்பதை ஏற்றப்போகும் சுமையைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கேட்பதில்தான் சிக்கல். "எத்தன டன் ஏத்துவீங்க" என்ற கேள்விக்கு முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு லாரிக்காரர்கூட உண்மையான பதில் சொன்னதில்லை. பதினாறு டன் ஏற்றுகிறவர் ஒன்பது என்பார். சொல்லும்போது முகத்தில் அப்படியொரு சாந்தம் இருக்கும். சுபானும் மறுத்துப் பேசியதில்லை. "ஒம்பதுங்களா, சரிங்க" என்று தலையாட்டிவிட்டு, ஒன்பது டன்னுக்கான பட்டைகளை அடுக்கி, கேட்காமலே இன்னொன்றையும் சேர்த்து வைத்துக் கட்டிவிடுவார். பட்டறையில் அதற்குப் பொய்ப்பட்டை என்று பெயர். வண்டி பெங்களூர் போய்த் திரும்பும்போதும் பின்பக்கம் உட்காராமல் நிற்கும். லாரிக்காரர் "பாய் கைராசி" என்று சொல்லிவிட்டுப் போவார். தன் பொய்யைத்தான் பாய் கட்டியிருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது.

இந்தப் பழக்கம் பட்டறையோடு நின்றிருந்தால் அவர் மனைவி அஸ்கரி பேகத்துக்கு ஒரு வருத்தமும் இருந்திருக்காது. தையல்காரர் வியாழன் என்றால் சுபான் ஞாயிற்றுக்கிழமைதான் போய் நிற்பார். கல்யாணத்துக்குப் பதினொரு மணி என்று போட்டிருந்தால் ஒன்றரைக்குப் போவார், பிரியாணி சூடாக இருக்கும். மனைவி முழங்கால் வலிக்கிறது என்றால் பாதியைக் கழித்துக்கொண்டு, மீதிக்குத் தைலம் வாங்கி வருவார். அஸ்கரி பேகமும் இருபத்தெட்டு வருஷம் அவரோடு குடித்தனம் செய்தவர். கழிக்கிறார் என்று தெரிந்ததும் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு நாள் காய்ச்சல் நான்கு நாளானது. சுபான் அதையும் மோப்பம் பிடித்து, பாதிக்குப் பதில் முக்கால் பங்கைக் கழித்தார். இப்படியாக அந்த வீட்டில் உண்மை எந்த மூலையில் கிடக்கிறது என்று இரண்டு பேருக்குமே தெரியாமல் போயிற்று. ஆனாலும் சோறு நேரத்துக்கு வெந்தது, பிள்ளைகள் படித்து வெளியூர் போனார்கள், எல்லாம் நடந்துகொண்டுதான் இருந்தது.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை ஜோசப் ராஜ் பட்டறைக்கு வந்தார். வந்தார் என்பதைவிட, அவர் வந்த வண்டி வந்தது என்று சொல்ல வேண்டும். பட்டைக்குக் காத்திருந்த லாரி டிரைவர்கள் டீயைக் கையில் பிடித்தபடி எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். சிவப்பு நிறம், இடுப்பு உயரம், இரண்டே சீட். அறுபது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது. தர்மபுரி வெயிலுக்குக் கூரையில்லாத வண்டி வாங்கத் தனியாக ஒரு மனசு வேண்டும். ஜோசப் ராஜுக்கு அது இருந்தது.

அவர் ஓய்வுபெற்ற சர்வேயர். பெங்களூரில் ஒரு காயலான் கடையில் கோழி அடைந்து கிடந்த வண்டியை வாங்கிவந்து, ஏழு வருஷம் தார்ப்பாய்க்கடியில் வைத்துப் பழுது பார்த்தவர். அந்த ஏழு வருஷமும் அவர் மனைவி ஜோஸ்பின் டீச்சர் அதைக் குழந்தை என்றுதான் சொன்னார். காலையில் காப்பி கொடுக்கும்போது "குழந்த எந்திரிச்சுதா?" என்று விசாரிப்பார். போன கிறிஸ்துமஸுக்குக் குழந்தை எழுந்து நடந்தது. மாதா கோயில் வரைக்கும் ஒழுங்காகத்தான் போயிற்று. கோயிலுக்கு முன்னால் ஊர்க்காரர்களே சேர்ந்து போட்ட வேகத்தடை ஒன்று உண்டு. எருமை படுத்திருக்கும் உயரம், வெள்ளைக்கோடு கிடையாது. அதில் ஏறி இறங்கியபோது பின்பக்கம் தரையில் உட்கார்ந்து, சைலன்சர் கழன்று விழுந்தது. முதல் பூசை முடிந்து மொத்தப் பங்கு மக்களும் வெளியே வந்துகொண்டிருந்த நேரம். கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் ஓடிப்போய் அதை எடுத்து, பவனியில் மாதா சுரூபம் தூக்குகிறவரின் பக்தியோடு இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து கொடுத்தார். டீச்சர் அங்கேயே இறங்கிவிட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் கல்யாணமாகி முப்பது வருஷம். எட்டு மணிக்குத் திருப்பலி. மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த வண்டியில் போக வேண்டும் என்பது ஜோசப் ராஜின் ஏழு வருஷத்து ஆசை. டீச்சர் அதில் இன்னும் ஒரே ஒரு முறை கோயிலுக்குப் போகச் சம்மதித்திருந்தார். வண்டியின் அடி மறுபடி தட்டினால் அதை விற்றுவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். சாட்சி பங்குச் சாமியார்.

"ஞாயித்துக்கெழம தட்டாது சார். தட்டுச்சுன்னா என் பட்டறைக்கு நீங்களே பூட்டு போடுங்க" என்றார் சுபான். டிரைவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருந்ததால்தான் அவ்வளவு பெரிய வார்த்தை வந்தது.

ஜோசப் ராஜ் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டுப்புத்தகத்தை எடுத்தார். "பாய், இத கேட்டுக்கோங்க. அச்சு மேல வந்து மோதற எடத்துல ஒரு ரப்பர் இருக்குது பாருங்க. நாங்க ரெண்டு பேரும் உக்காந்தா அதுக்கும் அச்சுக்கும் ஒன்னேகால் அங்குலம்தான் நிக்குது. மூணு வேணும். அதுக்கு மேல ஏத்திடாதீங்க. கீழ ஒரு வார் கட்டியிருக்குது, அச்சு ரொம்ப எறங்காம புடிக்கறதுக்கு. ரொம்ப ஏத்துனா வார் இழுத்துக்கும். அப்பறம் சக்கரம் எறங்க எடமே இருக்காது, வண்டி துள்ளும்."

"சரிங்க சார். எவ்வளவு வெயிட் ஏறும்?"

"நான் எண்பத்தொண்ணு. டீச்சர் அறுபத்தெட்டரை. டேங்க் ரொப்புனா பெட்ரோல் ஒரு முப்பது கிலோ."

அந்த அரையில்தான் சுபானுக்குச் சந்தேகம் வந்தது. உண்மை சொல்கிற மனுஷன் எங்கேயாவது அரை சொல்வானா? நோட்டில் எழுதிவைத்துப் படிக்கிற பொய்யை அவர் அதுவரை கேட்டதில்லை. படித்தவர்கள் பொய்க்கும் ஒரு சுத்தம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டு, "சரிங்க" என்றார்.

பட்டறையில் சம்மட்டி அடிப்பவர் முனிராஜ். இருபது வருஷமாகச் சுபானோடு இருப்பவர். அடிக்கும் நேரத்தைத் தவிர மற்ற நேரமெல்லாம் வாய் ஓய்ந்திருக்காது. ஓய்ந்துபோன பட்டைகளைக் கழற்றி, கட்டைமேல் வைத்து அடித்து, இருவருமாக வளைவை ஏற்றினார்கள். கடைசியில் சுபான் மூலையில் கிடந்த ஒரு வேன் பட்டையை எடுத்து, நீளத்துக்கு வெட்டி, அடுக்கோடு சேர்த்து வைத்தார்.

"பாய், ரெண்டு பேரு போற வண்டிக்கு இது எதுக்குங்க?" என்றார் முனிராஜ்.

"பொண்டாட்டி எடைய எந்தப் புருசன்டா நெசமா சொல்லியிருக்கான்?"

"நெசந்தான். எனக்கெல்லாம் தெரியவே தெரியாது."

"அப்ப புடி ஸ்பானர."

வியாழக்கிழமை வண்டி தயாரானபோது, குட்டையில் தண்ணீர் குடிக்கிற ஆடு மாதிரி முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் தூக்கி நின்றது. ஜோசப் ராஜ் சுற்றிவந்து பார்த்தார். "கொஞ்சம் ஒசரமா தெரியுதே பாய்." "ஆள் ஏறுனா உக்காரும் சார்" என்றார் சுபான். லாரிக்காரர்களிடம் இந்தப் பதில் ஒருநாளும் பொய்த்ததில்லை.

சனிக்கிழமை காலை வண்டி திரும்பி வந்தது. இந்த முறை பக்கத்துச் சீட்டில் ஜோஸ்பின் டீச்சரும் இருந்தார். மடியில் ஒரு பை மொச்சைக்காய், நெற்றியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு வீக்கம். ஏழாம் வகுப்புக்குள் நுழைகிற நிதானத்தோடு பட்டறைக்குள் நுழைந்தார்.

"பாய், உங்க வேல சுத்தம். அடி தட்டல. என் தலதான் தட்டுச்சு."

சுபான் வீக்கத்தைப் பார்த்தார். பிறகு பார்க்காத மாதிரி வண்டியைப் பார்த்தார்.

"தெருமுன வேகத்தடையில ஏத்திப் பாத்தோம்" என்றார் ஜோசப் ராஜ். "வார் முறுக்கிட்டு நிக்குது பாய். சக்கரம் எறங்கவே மாட்டேங்குது. வண்டியோட நாங்களும் எகிறுனோம், இவங்க நெத்தி முன்கண்ணாடி சட்டத்துல இடிச்சுது. மூக்குக்கண்ணாடி பறந்துபோய் பக்கத்து வூட்டு ஓட்டுமேல வுழுந்துச்சு."

"லாரிக்கெல்லாம் இப்படித்தானுங்க கட்டறது" என்றார் சுபான்.

"நான் லாரியா?" என்றார் டீச்சர்.

முனிராஜுக்கு இருமல் வந்து, தண்ணீர்ப் பானைப் பக்கம் போனார். திரும்பி வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். "அது ஒன்னுமில்லீங்க டீச்சர். பாய் ஒரு பொய்ப்பட்ட சேத்து வெச்சிட்டாரு" என்று ஆரம்பித்து, ஒன்பது டன் பதினாறு டன் கதையெல்லாம் விளக்கமாகச் சொல்லி முடித்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

ரோட்டில் ஒரு டேங்கர் போயிற்று.

"எதுத்தாப்புல லாரி எட மேட இருக்குது" என்றார் டீச்சர். "ஏறி நின்னு காட்டட்டுமா பாய்? அறுபத்தெட்டரை. மாசாமாசம் பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்கு எட பாக்கறப்ப நானும் ஏறி நிப்பேன்."

"ஐயோ, வேணாங்க டீச்சர்."

ஜோசப் ராஜுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் சுபானுக்குக் கஷ்டமாக இருந்தது. மனுஷர் நோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "முப்பத்தஞ்சு வருசம் நெலத்த அளந்தேன் பாய்" என்றார். "எந்தக் கல்ல நட்டாலும் இந்தப் பக்கத்துக்காரனும் நான் பொய் சொல்றேன்னான், அந்தப் பக்கத்துக்காரனும் சொன்னான். ரிட்டயர் ஆனா விட்டுச்சுன்னு நெனச்சேன். நீங்களுமா?"

சுபான் ஸ்பானரை எடுத்தார். மறுநாள் காலை எட்டு மணிக்குத் திருப்பலி. டிரைவர்கள் முன்னால் சொன்ன வார்த்தை அப்படியே நின்றுகொண்டிருந்தது. முனிராஜ் ஒரு பூட்டைத் தேடி எடுத்து, துடைத்து, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மேசைமேல் வைத்திருந்தார்.

பொய்ப்பட்டை கழன்றது. சுபான் தயங்கித் தயங்கி, "சார், அந்த நோட்ட ஒருதடவ படிங்க" என்றார். ஜோசப் ராஜ் படித்தார். மூன்று அங்குலம், எண்பத்தொன்று, அறுபத்தெட்டரை. இம்முறை சுபான் எதையும் கூட்டவில்லை, கழிக்கவில்லை. ஒரு சுமையை அப்படியே எடுத்துக்கொள்வது, கைப்பிடி இல்லாத மாடிப்படியில் இறங்குவது போல இருந்தது அவருக்கு.

நான்கு தடித்த மரக்கட்டைகளின்மேல் வண்டியை ஏற்றி நிறுத்தினார்கள். ஜோசப் ராஜ் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். டீச்சர் தன் சீட்டில் உட்கார்ந்து, குடையை விரித்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, மொச்சைக்காய் உரிக்க ஆரம்பித்தார். முனிராஜ் பின்பக்கத்தைப் பிடித்து நாலு ஆட்டு ஆட்டி அடங்கவிடுவார். சுபான் அடியில் படுத்து, சர்வேயர் கொடுத்த இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்ப்பார். முதல் தடவை இரண்டேகால். இருவரும் இறங்கினார்கள். பட்டையைக் கழற்றி, அடித்து, வளைவேற்றி, மறுபடி கட்டினார்கள். இருவரும் ஏறினார்கள். இரண்டரை. மறுபடி இறங்கினார்கள். டீச்சர் ஏறும்போதும் இறங்கும்போதும் மொச்சையில் ஒன்றுகூடச் சிந்தவில்லை.

நான்காவது தடவை உட்கார்ந்திருந்தபோது அஸ்கரி பேகம் டீ கொண்டுவந்தார். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. சுபான் வண்டிக்கடியில் இருந்தார். அங்கிருந்து அவருக்குத் தெரிந்ததெல்லாம் மனைவியின் இரண்டு பாதங்கள்தான். இடது பாதத்தை வைக்கும்போது அது கொஞ்சம் யோசித்து வைத்தது.

"உக்காருங்க" என்றார் டீச்சர்.

"உக்காந்தா எந்திரிக்க முடியாதுங்க டீச்சர். முட்டி வலி."

"எனக்கும் இருந்துச்சு. டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"அவருகிட்டதான் சொன்னேன்."

"அவரு டாக்டரா?"

"லாரிக்குப் பட்ட கட்டுவாரு."

டீச்சர் சிரித்த சத்தம் சீட்டு வழியாக இறங்கி ஸ்கேல்வரை வந்தது. "ராத்திரி தூக்கமாச்சும் வருதா?"

"தூக்கமெல்லாம் வருதுங்க. அவருகிட்ட வரலன்னு சொல்லுவேன். வருதுன்னு சொன்னா வலியே இல்லன்னு முடிவு பண்ணிடுவாரு. நெசமா சொன்னா படிதான் ஏற முடியல. மாடிக்குப் போயி நாலு மாசமாச்சு. துணியெல்லாம் வாசல்லதான் காயப்போடறேன். தெனம் அதுல முட்டிக்கிட்டுத்தான் உள்ள வராரு. ஏன்னு ஒரு வார்த்த கேக்கல."

"நீங்க சொல்லலியா?"

"சொன்னா பாதி போயிடுமே. அதான் சொல்லாமயே வெச்சிருக்கேன்."

சுபான் அடியில் அசையாமல் படுத்திருந்தார். நாலு மாசமாக ஈரலுங்கி முகத்தில் அறைந்துகொண்டுதான் இருந்தது. காற்று என்று நினைத்திருந்தார். ஐப்பசியிலிருந்து தை வரை ஒரே திசையில் அடிக்கிற காற்று.

"பாய்" என்றார் முனிராஜ். "எவ்வளவுங்க?"

"நாலு மாசம்."

"என்னாது?"

"மூணு" என்றார் சுபான். "மூணு அங்குலம். வாரும் தளர்வா இருக்குது. ரெண்டு வெரல் போவுது."

முனிராஜ் நம்பாமல் குனிந்து தானும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். இருபது வருஷம் ஒரே பட்டறையில் இருந்தால் தொற்றிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்கே சுபான் கோயிலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தார். முனிராஜும் வந்திருந்தார், பூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு. எட்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது சிவப்பு வண்டி திருப்பத்தில் தெரிந்தது. ஜோசப் ராஜ் வெள்ளை வேட்டி சட்டை. பக்கத்தில் ஜோஸ்பின் டீச்சர் பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, விரித்த குடை. நெற்றி வீக்கம் வடிந்து ஒரு நெல்லிக்காய் அளவுக்கு வந்திருந்தது. கோயில் வாசலில் நின்றிருந்த எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். உபதேசியார் மட்டும் இரண்டடி முன்னால் வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று கைகளைத் தயாராக வைத்துக்கொண்டார்.

முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறியது. சுபான் டம்ளரைக் கீழே வைத்தார். வண்டியின் பின்பக்கம் மெதுவாகத் தாழ்ந்து, ஒரு மூச்சு இழுத்துவிட்ட மாதிரி எழுந்து, அடங்கியது. எதுவும் தட்டவில்லை. எதுவும் துள்ளவில்லை. குடைகூட சாயவில்லை. டீச்சர் தலையைத் திருப்பி, பரீட்சையில் ஒருவழியாகப் பாஸாகிவிட்ட பையனைப் பார்க்கிற மாதிரி அந்த வேகத்தடையை ஒருமுறை பார்த்தார். உபதேசியார் கைகளை வேறு வழியில்லாமல் கூப்பினார்.

வண்டியை நிறுத்தி, குனிந்து அடியைப் பார்த்துவிட்டு ஜோசப் ராஜ் டீக்கடைக்கு வந்தார். "அடியில ஒரு குச்சிய நிறுத்தி மாவு தடவி வெச்சிருந்தேன் பாய், அச்சு உரசிட்டு எவ்வளவு ஏறுதுன்னு பாக்க. ரெண்டேகால் அங்குலம் ஏறியிருக்குது. முக்கால் மீதி இருக்குது."

"முக்காலுங்களா, சரிங்க" என்றார் சுபான். அன்றைக்கு அந்த 'சரிங்க'வுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. முக்கால் என்றால் முக்கால்தான்.

முனிராஜ் பூட்டை எடுத்து, "இத என்னாங்க பண்றது?" என்று கேட்டார். "உன் வாய்க்கு வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு சுபான் வீட்டுக்கு நடந்தார்.

வாசலில் கயிறு நிறைய துணி. இம்முறை முட்டிக்கொள்ளாமல் குனிந்து உள்ளே போனார். அஸ்கரி பேகம் அடுப்படியில் கறி வதக்கிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் சாதாரணப் பேச்சு உருதுவில் நடக்கும், வழக்காடுவது மட்டும் தமிழில். சுபான் தமிழில் ஆரம்பித்ததும் அஸ்கரி பேகம் அடுப்பைத் தணித்துத் தயாரானார்.

"நாளைக்கு தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"எதுக்கு?"

"உன் முட்டிக்கு."

"எவ்வளவு நாளா வலின்னு கேப்பாங்க."

"ரெண்டு வருசமா. பத்து நாளா ராத்திரி கண்ணே மூடல" என்றார் சுபான். மனைவி தன்னிடம் சொல்லிவந்ததையே ஒரு நாள்கூடக் குறைக்காமல் ஒப்பித்தார்.

அஸ்கரி பேகம் கரண்டியோடு நின்றார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் சொன்னது முழுசாக அவரிடமே திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை. எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"ரெண்டு வருசமெல்லாம் இல்ல" என்றார். "ஒன்னு, ஒன்னேகால் இருக்கும். தூக்கம் வருது. டாக்டர்கிட்ட போயி கண்ணே மூடலன்னு ஒளறி வெக்காதீங்க."

"சரி."

"நீங்க கொறட்ட வுடற அன்னிக்கு மட்டும்தான் வரல."

சுபான் வாசலில் இருந்த ஈரத்துணிகளை எடுத்து வாளியில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஏறினார். "கிளிப்பு போடுங்க. அங்கதான் நெச காத்து அடிக்கும்" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அரைமணி கழித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"முதுகு வுட்டுப்போச்சு. எலும்பே முறிஞ்ச மாதிரி வலிக்குது" என்றார்.

அஸ்கரி பேகம் அவரை மேலும் கீழும் பார்த்தார். பாதியைக் கழித்துக்கொண்டு, மீதிக்குத் தைலத்தை எடுத்து வந்தார்.